வலைச்சேவைகளுக்குப் பொருட்குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிரித்தகவலியலில், நிரல்கள் இணையம் வழியே அழைத்துப் பயன்படுத்தும் வலைச்சேவை ஒன்றின் விவரக்கோப்பைத் திறந்தால், உள்ளீடும் வெளியீடும் பெரும்பாலும் ‘ஸ்ட்ரிங்’ (எழுத்துச்சரம்) என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் இருப்பது புரத வரிசையா, மரபணுவின் பெயரா என்பதை நிரலுக்குத் தெரிவிக்கவே எடாம் போன்ற ஆன்டாலஜிகளின் (ஒரு துறையின் கருத்துகளை வரையறுத்து உறவுபடுத்தும் சொற்தொகுதிகளின்) சொற்களை இணைக்கிறோம்; இதுவே பொருட்குறிப்பு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2007இல் பரிந்துரைத்த எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் முறை இந்த இணைப்புக்கு வழி செய்கிறதே தவிர, இணைத்த சொல் சரியானதா என்று பார்ப்பதில்லை.

அடிக்கடி நேரும் தவறு, தரவையும் அதன் அடையாள எண்ணையும் ஒன்றாகக் கொள்வது. பி69905 என்பது மனித ஹீமோகுளோபின் ஆல்ஃபா சங்கிலிக்கு யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளம் தந்த எண், வரிசை அன்று. எண்ணை எதிர்பார்க்கும் உள்ளீட்டுக்குப் ‘புரத வரிசை’ எனக் குறிப்பெழுதினால், சேவைகளைத் தொடராக இணைத்து இயக்கும் பணியோட்டக் கருவி அங்கே அமினோ அமில எழுத்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஐரோப்பிய உயிரித்தகவலியல் நிறுவனமான இபிஐயின் பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் சேவையிலும் இதே குழப்பத்துக்கு இடமுண்டு: வேலையை ஒப்படைத்தவுடன் திரும்பி வருவது பணி எண் மட்டுமே, ஒப்பீட்டு முடிவைப் பின்னர் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

கோப்பின் வடிவத்தைக் குறிக்காமல் விடுவது இதைவிட ஆபத்தானது என்பேன். மரபணுத்தொகைக் கூறுகள் இருக்கும் இடங்களைப் பதியும் பெட் கோப்பில் இடங்கள் 0இலிருந்து எண்ணப்படும், முடிவிடம் சேராது. அதே வேலைக்கான ஜிஎஃப்எஃப்3 கோப்பில் 1இலிருந்து எண்ணப்படும், முடிவிடமும் சேரும். இரண்டுக்கும் ‘மரபணுத்தொகைக் கூறுகள்’ என்று மட்டும் எழுதி வைத்தால், ஒன்றின் எண்களை மற்றொன்றின் கணக்கில் படித்துத் தொடக்க இடம் ஒரு காரம் (டிஎன்ஏவின் ஓர் எழுத்து) தள்ளிப்போகக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராததால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். வடிவத்தை மட்டும் எழுதுவதும் போதாது: வரிசைகளை எழுதும் ஃபாஸ்டா வடிவம் என்றால் டிஎன்ஏவாகவும் இருக்கலாம், புரதமாகவும் இருக்கலாம்.

சொல்லின் அகலமும் முக்கியம். பிளாஸ்ட் சேவைக்கு ‘வரிசைப் பகுப்பாய்வு’ என்று எழுதுவது பொய்யன்று, ஆனால் பயனற்றது. ‘வரிசை ஒற்றுமைத் தேடல்’ என்பதே அதன் செயல். மாறாக, எடுத்துக்காட்டில் புரதம் இருந்தது என்பதற்காக, எந்த வரிசையையும் ஏற்கும் சேவையைப் ‘புரத வரிசை’ என்று சுருக்கினால், டிஎன்ஏ வைத்திருப்பவரின் தேடலில் அது தென்படாது.

சொல்லின் பெயரை மட்டும் எழுதாமல் அதன் முழு இணைய முகவரியைத் தருக. ஆன்டாலஜியின் புதிய பதிப்புகளில் சில சொற்கள் கைவிடப்படுவதால், பழைய குறிப்புகளையும் அவ்வப்போது சரிபார்த்து, மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட சொல் இருந்தால் அதை இடுக.