ஸ்காட், ஸ்காட்டிஷ், ஸ்காட்ச்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்துக்காரரை 'ஆங்கிலேயர்' என்று எழுதுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் பிழை. ஆங்கிலேயர் என்றால் இங்கிலாந்துக்காரர் மட்டுமே. 1707-இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றான பிறகும் ஸ்காட்லாந்தின் சட்டமுறையும் திருச்சபையும் தனியாகவே இருக்கின்றன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரை 'பிரிட்டிஷார்' எனலாம். 'ஸ்காட்லாந்துக்காரர்' என்பது இன்னும் துல்லியம்.

ஆளைக் குறிக்க 'ஸ்காட்ச்' என்று போடாதீர்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் காலத்தில் அங்குள்ளவர்களே அப்படித்தான் எழுதினார்கள். இன்று அது அவர்கள் காதில் உறுத்தும். ஒருவரென்றால் ஸ்காட், அடைமொழியாக வந்தால் ஸ்காட்டிஷ். ஸ்காட்ச் என்பது விஸ்கி, சூப், முட்டைப் பண்டம் என உணவுப் பெயர்களில் ஒதுங்கிவிட்டது. விஸ்கியிலும் எல்லாம் ஸ்காட்ச் ஆகிவிடாது: ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஊறி, 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பெயர்.

'ஸ்காட்ஸ்' என்பது ஒரு மொழிக்கும் பெயர். அதையும் ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக்கையும் (Gaelic) ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தோடு பிறந்த ஜெர்மானிய மொழி. கேலிக் அயர்லாந்து மொழிக்கு நெருங்கிய கெல்டிக் மொழி.

பெரிய குழப்பம் சொல்லின் பிறப்பில்தான். 4ஆம் நூற்றாண்டு ரோமானியர் 'ஸ்கோட்டி' என்றது ஸ்காட்லாந்துக்காரர்களை அல்ல, அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்து சூறையாடிய, கேலிக் மொழி பேசிய கேல்களை. 'ஸ்கோட்டியா' என்றாலும் வெகுகாலம் அயர்லாந்துதான். இந்தக் கேல்கள் வடபிரிட்டனின் மேற்குக் கரையிலும் வேரூன்றினார்கள். டால் ரியாட்டா அவர்களுடைய அரசு. பின்னாளில் வடபிரிட்டனில் இருந்த பிக்டுகள் என்ற மக்களோடு கலந்து 'ஆல்பா' என்ற அரசு உருவானது. ஸ்காட்லாந்துக்குக் கேலிக்கில் இன்றும் அதுவே பெயர். லத்தீன் பெயரும் மெல்ல இவர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

அதனால் பழைய பெயர்களில் 'ஸ்கோட்டஸ்' என்று கண்டால் முதலில் நூற்றாண்டைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஜான் ஸ்கோட்டஸ் எரியுஜீனா அயர்லாந்துக்காரர். 1308-இல் இறந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் ஸ்காட்லாந்துக்காரர்.

'ஸ்கோட்டி'க்கு மூலப்பொருள் என்ன என்பது இன்றுவரை முடிவாகவில்லை. எகிப்து இளவரசி ஸ்கோட்டாவின் பெயரால் வந்தது என்பது இடைக்காலக் கட்டுக்கதை. வரலாறாக எழுதிவிடக் கூடாது. தண்டனையில்லாமல் தப்புவதைச் சொல்லும் 'ஸ்காட் ஃப்ரீ'யையும் இவர்களோடு முடிச்சுப் போடாதீர்கள். அந்த 'ஸ்காட்' வரியைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல்.