முன்பக்க ஸ்ட்ரட் போய்விட்டதா? கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

வண்டி முன்பக்கம் ‘கடகட’ என்றாலே ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்லும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குக் காரணம் பல வேளைகளில் லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் சிறு கம்பி) அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு). இரண்டும் ஸ்ட்ரட்டைவிட மிக மலிவானவை. ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆல்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றிய ஸ்பிரிங், தலையில் ரப்பர் மவுன்ட், அதோடு ஒரு பேரிங், எல்லாம் சேர்ந்த ஒரே தூண். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; அதன் ஆட்டத்தை அடக்குவது உள்ளே எண்ணெய் நிரம்பிய ஷாக். தேய்ந்து போவது பெரும்பாலும் இந்த ஷாக்தான்.

நோயைக் கண்டுபிடித்தல்

முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் வைத்துச் சுற்றுவட்டமாக நகர்த்தும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூடக் கைக்குத் தெரியும்.

அடுத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம். ஈரமாக வழிந்து, அதில் புழுதி சேர்ந்து களிம்பு போல அப்பியிருந்தால் சீல் போய்விட்டது.

பானெட் ஓரத்தை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். விட்டதும் எழும்பி அடங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் ஆடாததால் மட்டும் ஷாக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கையால் அழுத்தும் வேகம் வேறு, சாலைப் பள்ளத்தின் வேகம் வேறு. பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் குனிவதும், வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் போல ஆடுவதும் கூடுதல் சாட்சிகள்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொங்’ என்று ஸ்பிரிங் தெறிக்கும் சத்தம் வந்தால் சந்தேகம் மேல் மவுன்ட் பேரிங் மீது. ஒருவரைத் திருப்பச் சொல்லி, எஞ்சின் அறைக்குள் தெரியும் மவுன்ட் தலையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும்.

கழற்றுதல்

ஸ்ட்ரட்டை எப்போதும் இடம் வலம் ஜோடியாகவே மாற்றுங்கள். மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (தண்டில் இருக்கும் ரப்பர் தடுப்பு), தூசி உறை ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். இவற்றில் மிச்சம் பிடிப்பவர்கள் அதே வேலையை மறுபடி செய்வார்கள்.

1. சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி ஏற்றி, முன்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு லிங்க் ராடு வர மறுக்கும்.

2. சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பையும், ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அதையும் விடுவியுங்கள். லிங்க் ராடு ஸ்ட்ரட்டில் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

3. கீழே ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் இருப்பிடத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தைய இரவே அடித்து வைப்பது நல்லது. போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். போல்ட்டுகள் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாய முயலும். கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் மூட்டு கழன்றுகொள்ளும்.

4. ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு, மேலே மவுன்டை வண்டியின் உடலோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். ஷாக்கின் தண்டைப் பிடித்திருக்கும் நடு நட்டை மட்டும் இப்போது தொடாதீர்கள். அழுந்திய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். கழன்றால் எலும்பை முறிக்கும் வேகத்தில் தெறிக்கும். சில மாடல்களில் மேல்பகுதி அமைப்பு மாறுபடும் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் மாற்றம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை: கழற்றிய ஸ்ட்ரட்டையும் புதிய பாகங்களையும் ஸ்பிரிங்கை அழுத்தும் பிரஸ் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, பழைய ஸ்பிரிங்கைப் புதிய ஷாக்குக்கு மாற்றி வாங்குங்கள். கூலி பெரிதாக இருக்காது.

நீங்களே செய்வதானால், ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடிய பின்பே நடு நட்டைக் கழற்ற வேண்டும். முகம் ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது.

புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்தால் உள்ளே சிக்கிய காற்று விலகும். தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் புதிய சீலை அறுத்துவிடும். ஸ்பிரிங்கின் கீழ்முனை இருக்கையில் உள்ள படியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, நடு நட்டை முழுமையாக முடுக்கிய பின்பே கம்ப்ரஸரைத் தளர்த்துங்கள்.

பூட்டுதல்

மேல் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, கீழ் போல்ட்டுகளைக் குறித்த இடத்துக்குக் கொண்டுவந்து மாட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்பதை ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள்.

பெயின்ட் குறி எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) சிறிது மாறினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். வழியில் புதிதாக ஏதேனும் ‘டொக்’ சத்தம் கேட்டால் முதலில் லிங்க் ராடு நட்டைப் பாருங்கள்.