‘போஷ்’ கப்பலில் வந்த சொல் இல்லை

‘போஷ் ஏரியாவில் வீடு’ என்று விளம்பரம் போடுகிறார்களே, பகட்டான என்று பொருள்படும் அந்த போஷ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பலில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் வெயில் படாமல் இருக்க, வரும்போது இடப்பக்க கேபினும் திரும்பும்போது வலப்பக்க கேபினும் கேட்டார்களாம். டிக்கெட்டில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ (போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்) என்று முத்திரை குத்தினார்களாம். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் (P, O, S, H) இந்தச் சொல்லாம்.

அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. வெயில் கணக்கும் அரைகுறைதான். கிழக்கே போகும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு, வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து, சரி. ஆனால் மே முதல் ஜூலை வரை வழியில் இருக்கும் ஏடன் துறைமுகம் பக்கம் உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும்!

கதை பிடித்துவிட்டால் நாம் தேதி பார்ப்பதில்லை. அதுதான் பெரிய தவறு. பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றிய 1914ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று, குதிரைப்படைக்காரர்கள் ‘போஷ்’ உடுப்பு போடுவதில் காட்டும் ஆர்வத்தைச் சொல்கிறது. 1918இல் ‘பஞ்ச்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பத்திரிகையின் கேலிச்சித்திரத்தில் இளம் விமானப்படை அதிகாரி ஒருவர் தன் அம்மாவிடம் இதே சொல்லைப் பேசுகிறார். இரண்டிலும் கப்பல் வாடையே இல்லை. கப்பல் விளக்கம் எழுத்தில் தலைகாட்டுவது 1930களில்தான்.

முதலெழுத்துக் கதை என்றாலே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ரேடார் போன்ற சொற்கள் அப்படிப் பிறந்தவைதான்; ஆனால் அந்த வழக்கம் பெருகியது 20ஆம் நூற்றாண்டில். நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆனது என்று பொது அறிவுப் புத்தகங்களில் வருவதும் கட்டுக்கதையே. ‘நியூ’ என்பதன் பன்மை அது, அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு கதையைத் தள்ளிவிட்டு இன்னொன்றை அடித்துச் சொல்வதும் தவறுதான். ரோமா மக்களின் ரோமானி மொழியில் ‘பாஷ்’ என்றால் பாதி. 19ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் அரைப் பென்னிக்கும், பிறகு பொதுவாகக் காசுக்கும் ‘போஷ்’ என்றார்கள். 1890 வாக்கில் பகட்டாக உடுத்துபவனுக்கும் அந்தப் பெயர் இருந்தது. காசிலிருந்து பகட்டு வந்திருக்கலாம், நிரூபணம் இல்லை. அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘பிறப்பு தெரியவில்லை’ என்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்த ரோமானிச் சொல்லுக்கு மூலம், பக்கம் என்று பொருள்படும் சமஸ்கிருத ‘பார்ஷ்வ’. நம் பாரிசவாதத்தில் இருப்பதும் அதுவே.