சிங்கப்பூர், மலேசியா சாதாரணக் கடைகளில் சாப்பிடுவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள், முதல் வேலைக்குப் போகிற பையன்கள், பெண்கள், நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகிற குடும்பங்கள் என்று நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போய் வருகிறார்கள். அதில் பலர் இருந்த நாள் முழுக்க இட்லியும் சாம்பார் சாதமும் தேடி அலைந்துவிட்டுத் திரும்புவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. தேங்காய்ப்பால், நெத்திலி, புளி விட்ட மீன்குழம்பு, பரோட்டா, மரச்சீனி எல்லாம் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த ஊர்ச் சாப்பாடு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு மாதிரி, ஒரு வாய் வைத்தாலே பிடிபட்டுவிடும். எங்கே உட்கார்வது, யாரிடம் கேட்பது, எதில் என்ன சேர்ந்திருக்கிறது, காசை எப்போது கொடுப்பது என்று தெரியாமல்தான் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் கடை எந்த வகை என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டர் என்பது ஒரே கூரைக்குக் கீழே பல சின்னக் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள். ஏசி இருக்காது. இந்த ஹாக்கர் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதனால் மட்டமான இடமோ என்று யாரும் கூச வேண்டாம். உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கடைக்கடையாகப் பார்த்து, வரிசையில் நின்று, காசு கொடுத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு ஒரு கடையில் வாங்கி ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடலாம், குடும்பமாகப் போனால் இதுதான் பெரிய வசதி. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ இருந்தால் யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்காரக் கூடாது. நீங்களும் அப்படியே பிடித்து வைக்கலாம். கைதுடைக்க அங்கே காகிதம் வைத்திருக்க மாட்டார்கள், டிஷ்யூ கையோடு இருக்கட்டும்.

கோப்பித்தியாம் என்கிற காப்பிக் கடையில் குடிக்கிறதைக் கடைக்காரர் தருவார், சாப்பாட்டை உள்ளே வாடகைக்கு இருக்கும் தனித்தனிக் கடைகள் தரும். மலேசியாவில் பல இடங்களில் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் சொல்லி மேசையைக் காட்டினால் போதும், கொண்டு வந்து வைக்கும்போது அங்கேயே காசு கொடுக்க வேண்டும். மாமாக் கடை வேறு. தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது, பல கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். இங்கே நம்ம ஊர் ஓட்டல் மாதிரி உட்கார்ந்தால் ஆள் வருவார், சாப்பிட்டு முடித்துவிட்டு 'அண்ணே, கீரா' என்றால் கணக்குப் போட்டுத் தருவார், கல்லாவில் போய்க் கட்டலாம். தமிழிலேயே பேசுங்கள், பெரும்பாலும் பதில் தமிழிலேயே வரும். சீனர் கடையில் வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும்.

குடிக்கிறதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெறுமனே 'கோப்பி' என்றால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய காப்பி வரும், நல்ல இனிப்பு. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சீனி மட்டும். 'கோப்பி சி' என்றால் இனிப்புச் சேர்க்காத டின் பாலும் சீனியும். இதோடு 'கோசோங்' சேர்த்தால் சீனி இல்லை, சிங்கப்பூரில் 'சியூ டாய்' சேர்த்தால் சீனி குறைவு, 'பெங்' சேர்த்தால் ஐஸ், 'காவ்' சேர்த்தால் கடுப்பம். டீக்கும் இதே கணக்கு, கோப்பி இருக்கும் இடத்தில் 'தே' போட்டுக்கொள்ளுங்கள். கட்டன் சாயா வேண்டுமென்றால் 'தே ஓ', அதுவும் சீனி இல்லாமல் என்றால் 'தே ஓ கோசோங்'. சுகர் இருப்பவர்கள் ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்: கண்டென்ஸ்டு மில்க்கிலேயே சீனி இருக்கிறது, ஆகவே பால் வேண்டும் சீனி வேண்டாம் என்றால் 'சி கோசோங்' என்றுதான் கேட்க வேண்டும். மலேசிய மாமாக் கடையில் 'தே தாரிக், குராங் மானிஸ்' என்றால் ஆற்றிய டீ, இனிப்புக் குறைத்து வரும். இஞ்சி டீக்கு 'தே ஹாலியா'. அந்தக் காப்பிக்கொட்டையைச் சீனியும் வெண்ணெயோ மார்ஜரினோ சேர்த்து வறுப்பார்கள், அதனால் நிறமும் கசப்பும் நம் ஃபில்டர் காப்பியைவிட அதிகம். முதல் வாயில் முகம் சுளிக்காதீர்கள், ரெண்டாவது நாள் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். தண்ணீர் சும்மா வராது. 'ஐஸ் கோசோங்' என்றால் ஐஸ் தண்ணீர், 'ஆயர் சுவாம்' என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டுக்கும் சின்னதாக ஒரு காசு வாங்கும் கடைகள் உண்டு. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள்.

இனி சாப்பாடு. முதல் நாள் காலையில் நாசி லெமாக்கில் தொடங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். தேங்காய்ப்பாலும் பாண்டான் என்கிற வாசனை இலையும் போட்டு வேகவைத்த சோறு, பக்கத்தில் மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை, அப்புறம் சம்பல். குளச்சலிலும் முட்டத்திலும் நெத்திலி தின்று வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன அறிமுகம் வேண்டும்? சம்பலை மட்டும் எடுத்தவுடன் சோற்றின் மேல் கொட்டாமல் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், நம் மிளகாய்ச் சட்னி போல வெறும் காரமாக இருக்காது, இனிப்பும் சேர்ந்து வரும்.

பரோட்டா பிரியர்களுக்கு மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா. நம் பரோட்டாவைவிட மெல்லியது, பருப்புக் குழம்போ மீன், கோழிக் குழம்போ கூட வரும். முட்டை போட்டது தெலூர், வெங்காயம் போட்டது பாவாங். துண்டு போட்டுக் குழம்பில் முக்கித் தர வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள். நாசி கண்டார் கடையில் வரிசையில் போய்ச் சோற்றுக்கு மேல் என்னென்ன வேண்டும் என்று கையைக் காட்டினால் போதும், நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், அந்தக் கலவையில்தான் அதன் ருசி இருக்கிறது. ஆனால் பெரிய இறாலுக்கும் மீன் முட்டைக்கும் கை நீட்டும் முன்பு விலையைக் கேட்டுவிடுங்கள், பில் எகிறுவது அங்கேதான்.

மீன்குழம்பு இல்லாமல் இருக்க முடியாது என்கிறவர்களுக்கு ரெண்டு வழி. ஒன்று, மீன் தலைக் கறி. கேரளத்திலிருந்து போய் சிங்கப்பூரில் கடை வைத்த எம். ஜே. கோமஸ் என்பவர் தொடங்கி வைத்தது என்று சொல்வார்கள். புளியும் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பில் ஒரு முழுப் பெரிய தலை வரும், மூன்று நாலு பேர் பகிர்ந்து சாப்பிட வேண்டியது, கன்னத்துச் சதையை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பினாங்குப் பக்கத்து ஆசாம் லக்சா. அயிலை இனத்து மீனைப் போட்டுக் கொதிக்கவைத்த புளிச்சாற்றில் அரிசி நூடுல்ஸ். அதில் போடுகிற ஆசாம் கெப்பிங், நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு காயை நறுக்கிக் காயவைத்ததுதான். தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா வேண்டுமென்றால் அது வேறு, சிங்கப்பூரில் லக்சா என்றால் பெரும்பாலும் அதுதான்.

ஹைனானிஸ் சிக்கன் ரைஸைப் பார்த்ததும் நம்மவர்கள் பலருக்குச் சந்தேகம் வரும், கோழி வெளுப்பாக, தோல் வழவழவென்று இருக்கும், எலும்போரம் இளஞ்சிவப்பாகக்கூட இருக்கலாம். மெதுவாக வேகவைத்துக் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதால் அப்படி. மனசு ஒப்பவில்லை என்றால் ரோஸ்டட் சிக்கன் என்று கேளுங்கள். எப்படியானாலும் கூட வைக்கும் மிளகாய், இஞ்சிச் சட்னிகளையும் கறுப்பு சோயா சாஸையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், தனியாகத் தின்றுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள், சுத்த சைவக்காரர்கள், தவக்காலத்தில் இறைச்சி விட்டவர்கள் என்று நம் மாவட்டத்தில் எல்லா விதமும் உண்டு. மலாய்ப் பட்டியலில் டாகிங் என்று இருந்தால் மாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், ரெண்டாங் என்கிற கெட்டிக் கறியைப் பல இடங்களில் மாட்டில்தான் செய்வார்கள். ஆயாம் கோழி, காம்பிங் ஆடு, ஈக்கான் மீன், உடாங் இறால், சோத்தோங் கணவாய், பாபி பன்றி. ஹலால் வேண்டுகிறவர்கள் மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஹாக்கர் சென்டரில் ஹலால் கடையும் அல்லாத கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஆகவே கடைக்குக் கடை பார்க்க வேண்டும். சார் குவே தியாவ் என்கிற வறுத்த நூடுல்ஸில் சீனர் கடையானால் பன்றிக் கொழுப்பும் சீனத் தொத்திறைச்சியும் இருக்கக்கூடும்.

சைவக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஆபத்து. சம்பலில் பெலாச்சான் இருக்கும், அது புளிக்கவைத்த இறால் விழுது. காங்கோங் பெலாச்சான் பார்க்க வெறும் கீரைப் பொரியல், உள்ளே அதே விழுது. சீனர் கடைக் கீரை மேல் சிப்பி சாஸ் ஊற்றியிருப்பார்கள். சிக்கன் ரைஸ் கடையில் சோறு மட்டும் வாங்கினாலும் அது கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. ரொட்டிக்குத் தடவும் காயா ஜாமில் முட்டை உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீனும் இறாலும் வரலாம், எனவே மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். சீன பௌத்தர்களின் சைவக் கடைகள் பல இடங்களில் உண்டு, அங்கே தட்டில் கறி மாதிரி இருப்பது சோயாவிலும் கோதுமையிலும் செய்தது, பயப்பட வேண்டாம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியில் இருக்கும் தேக்கா சென்டரிலும் நம் சைவச் சாப்பாடு கிடைக்கும்.

கையால் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். மாமாக் கடையிலும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையிலும் தாராளமாக, வலது கையால். மற்ற இடத்தில் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி, முள்கரண்டியால் தள்ளிக் கரண்டியில் எடுப்பது. குச்சியால் சாப்பிட முயன்றால் அதைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதை நினைவுபடுத்தும் என்பதால் சீனர்களுக்கு அது ஆகாது.

பில்லில் ஹாக்கர் கடைப் பலகையில் இருக்கும் விலைதான் விலை. உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்டில் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு பிளஸ் குறி இருந்தால் சிங்கப்பூரில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு வரும். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. சில ரெஸ்டாரண்டுகளில் உட்கார்ந்ததும் வைக்கிற வேர்க்கடலைக்கும் ஈரத் துணிக்கும்கூடக் காசு உண்டு, வேண்டாமென்றால் முதலிலேயே திருப்பிக் கொடுங்கள். நண்டை எடை போட்டு விற்பார்கள், கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். சின்ன நோட்டுகள் கையில் இருக்கட்டும், நம் கார்டை எல்லாச் சின்னக் கடையும் வாங்காது.

சிங்கப்பூரில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. ஹாக்கர் சென்டர்களில் 2021 செப்டம்பரிலிருந்தும், காப்பிக் கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் 2022 ஜனவரியிலிருந்தும் இதற்குச் சட்ட நடவடிக்கை உண்டு, முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். தட்டு, கப், கசக்கிப் போட்ட டிஷ்யூ எல்லாவற்றையும் அதற்கான அடுக்கில் கொண்டு வைக்க வேண்டும். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிற பிள்ளைகள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பார்சல் வேண்டுமென்றால் மலேசியாவில் 'புங்குஸ்', ரெண்டு ஊரிலும் 'தாபாவ்'. சூடான காப்பியைக்கூடப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கயிறு போட்டுத் தருவார்கள். நாசி லெமாக் பார்சலில் சம்பலைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள், வாங்கினதை ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் சோறு அந்த வெயிலில் மதியம் வரை தாங்காது.