கிணற்றுக்குள் தெரிந்த சிங்கம்: இலக்கிய வகுப்பில் பழங்கதையை அனிமேஷனாக்குவது எப்படி?

ஒரு பழங்கதையைக் கொடுத்து, "உன் நடையில் திரும்ப எழுது" என்றால் பெரும்பாலும் கதைச்சுருக்கம்தான் வரும். அதே கதையை 2 நிமிட அனிமேஷனாகச் செய்யச் சொன்னால் சுருக்கம் எழுதித் தப்பிக்க வழியில்லை. சிங்கம் எந்தப் பக்கம் நின்றது? முயல் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? கதை சொல்லாமல் விட்ட இடங்களை எல்லாம் மாணவர்களே தீர்மானித்து, அதற்குக் கதையிலிருந்தே காரணமும் காட்டியாக வேண்டும். இலக்கிய வகுப்பில் அனிமேஷனுக்கு இருக்கும் வேலை இதுதான். படம் அழகாக வருவதெல்லாம் அப்புறம்.

இந்த விளக்கம் முழுக்க, எல்லோருக்கும் தெரிந்த சிங்கமும் முயலும் கதையையே எடுத்துக்கொள்வோம். தினம் ஒரு விலங்கு இரையாகப் போக வேண்டும் என்று ஏற்பாடு. முயலின் முறை வருகிறது. அது தாமதமாகப் போய், "வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது" என்கிறது. கிணற்றில் தன் நிழலைப் பார்த்துச் சிங்கம் பாய்கிறது. கதை சின்னது, ஆனால் உள்ளே வேலை நிறைய இருக்கிறது.

தேவையானவை

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கணினி போதும். மென்பொருள் ஸ்க்ராட்ச்: கட்டளைகளைக் கட்டைகள் போல அடுக்கி, படங்களை அசைய வைக்கும் கருவி. எம்ஐடி மீடியா லேப் உருவாக்கியது, இலவசம், இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பும் உண்டு. ஒலியைத் திருத்த ஆடாசிட்டி, முடிவில் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ, இவையும் இலவசம். குரல் பதிவுக்குக் கைப்பேசி. பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் போன்ற அனிமேஷன் மென்பொருள்கள் இன்னும் அழகாகச் செய்யும். ஆனால் அவற்றைப் பழகவே பாடவேளைகள் எல்லாம் போய்விடும், கதை பக்கம் திரும்ப நேரமிருக்காது. முதல் முறைக்கு வேண்டாம்.

மொத்தம் 8 பாடவேளைகள் ஒதுக்குங்கள். கதைக்கு 3, குரலுக்கு 1, வரைவதற்கு 1, கோர்ப்பதற்கு 2, திரையிடலுக்கு 1. முதல் 3 பாடவேளைகளில் கணினியைத் திறக்கவே கூடாது. திறந்துவிட்டால் பிள்ளைகள் சிங்கத்தின் பிடரிக்கு நிறம் தேட ஆரம்பித்துவிடுவார்கள், கதை அங்கேயே நின்றுபோகும்.

படி 1: கதையைத் தேர்ந்தெடுங்கள்

செயலில் திருப்பம் உள்ள கதை அனிமேஷனுக்குப் பொருந்தும். சொல்விளையாட்டிலும் சிலேடையிலும் உயிர் இருக்கும் கதை பொருந்தாது. படமாக்கினால் அந்த உயிர் போய்விடும். பாத்திரங்கள் இரண்டு அல்லது மூன்று, இடங்கள் மூன்றுக்குள் இருக்கட்டும்.

ஒரே கதையின் இரண்டு மூன்று வடிவங்களை வாசிக்கச் சொல்லுங்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். கதை பொதுச்சொத்து என்றாலும் ஒருவர் எழுதிய மறுகூறல் அவருடைய உரிமை. அதன் வாக்கியங்களை அப்படியே எடுத்துப் பேசக் கூடாது. இரண்டாவது, வடிவங்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் மாணவர் முடிவெடுக்க வேண்டிய இடம் இருக்கிறது. ஒரு சமூகம் வழிபாட்டோடு சேர்த்துப் போற்றும் கதையாக இருந்தால் அந்தச் சமூகத்தாரிடம் கேட்காமல் முடிவை மாற்ற வேண்டாம்.

படி 2: 12 காட்சிகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளை 12 கட்டங்களாக மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி ஓவியமும் ஒரு வரியும் மட்டும். 2 நிமிடத்துக்கு 12 காட்சிகள் என்றால் ஒன்றுக்குச் சராசரி 10 விநாடி. சரிசமமாகப் பங்கு போடாதீர்கள். காட்டு விலங்குகளின் கூட்டம், ஒப்பந்தம், முறை வருவது, இவற்றை எல்லாம் 3 காட்சிகளில் முடித்துவிடலாம். கிணற்றங்கரைக்கு மட்டும் 5 காட்சிகள் கொடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். முன்கதையை விலாவாரியாகச் சொல்லி ஒன்றேமுக்கால் நிமிடத்தைக் கரைத்துவிட்டு, கிணற்றுக்கு வரும்போது 15 விநாடிதான் மிஞ்சும். அதைத் தடுக்க, கட்டங்களைக் கடைசியிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். 12-வது கட்டத்தில் பாய்ச்சலுக்குப் பிறகு தெரியும் படம், 11-ல் பாய்ச்சல், 10-ல் கர்ஜனை, இப்படியே பின்னோக்கி.

படி 3: யார் கண்ணால் பார்க்கிறோம்?

ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 'சி', 'மு', 'வெ' என்று ஓர் எழுத்து இடச் சொல்லுங்கள்: சிங்கத்தின் கண், முயலின் கண், வெளியே நிற்கும் கதைசொல்லியின் கண். பாடத்தில் நோக்குநிலை என்று படித்தது இங்கே கைவேலையாகிறது.

முயலுக்கு யோசனை எப்போது தோன்றியது என்பதைக் குழுவில் விவாதிக்க விடுங்கள். முயல் கிணற்றைப் பார்த்து நிற்பதை முன்கூட்டியே காட்டினால், பார்ப்பவர்கள் முயலின் கூட்டாளிகள் ஆகிவிடுவார்கள். சிங்கம் எப்போது மாட்டும் என்று காத்திருப்பார்கள். காட்டாமல் விட்டால் சிங்கத்தோடு சேர்ந்து அவர்களும் ஏமாறுவார்கள். இரண்டுமே சரி. ஆனால் ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்பதை, கதையின் எந்த வரி அதற்கு இடம் கொடுக்கிறது என்ற குறிப்போடு எழுதி வாங்குங்கள். மதிப்பெண் பெரும்பகுதி இந்தத் தாளுக்குத்தான் போகப் போகிறது.

படி 4: குரலை முதலில் பதிவு செய்யுங்கள்

படத்தை முடித்துவிட்டுக் குரல் கொடுத்தால் வாசிப்பவர் படத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவார். குரல் முன்னே போக வேண்டும், படம் அதன் பின்னால் வர வேண்டும்.

நிதானமாகக் கதை சொல்லும் குரலுக்கு நிமிடத்துக்கு 90 சொற்கள் என்று கணக்கு வையுங்கள். 2 நிமிடத்தில் 30 விநாடியாவது பேச்சில்லாமல் இருக்க வேண்டும். ஆக 130 சொற்களுக்குள் எழுதச் சொல்லுங்கள். படத்தில் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்லக் கூடாது. சிங்கம் கிணற்றை எட்டிப் பார்ப்பது திரையில் இருக்கும்போது "சிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தது" என்ற வரி எதற்கு? அடித்துவிடுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்தால் மேடைத்தமிழ் எங்கே ஒட்டாமல் நிற்கிறது என்று காதுக்கே தெரியும்.

கைப்பேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே பிடித்தால் 'ப', 'ஃப' வரும்போதெல்லாம் காற்று மோதிப் பட்பட்டென்று கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசும் முன் 5 விநாடி சும்மா ஓடவிடுங்கள். அந்த வெற்றொலியை மாதிரியாகக் காட்டித்தான் ஆடாசிட்டி பின்னணி இரைச்சலை எடுக்கும். இரைச்சலை ஒரேயடியாக அழிக்கப் போனால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும்.

12 காட்சிக்கு 12 தனித்தனி ஒலிக்கோப்புகளாக வெட்டி, 01, 02 என்று எண்ணிட்டுச் சேமியுங்கள். ஒரே நீளக் கோப்பாக வைத்தால், கணினி ஓரிடத்தில் திணறியதும் அதற்குப் பிறகு வரும் எல்லாக் காட்சிகளிலும் குரலும் படமும் விலகிவிடும்.

படி 5: வரையுங்கள்

ஸ்க்ராட்ச்சில் படம் ஓடும் பகுதிக்கு மேடை என்று பெயர். அதன் அகலம் 480, உயரம் 360. நடுப்புள்ளி பூஜ்யம், இடம் வலமாக -240 முதல் 240 வரை, கீழ் மேலாக -180 முதல் 180 வரை. பின்னணிப் படத்தை வெளியே வரைந்து ஏற்றுவதானால் 960-க்கு 720 அளவில் செய்யுங்கள், முழுத்திரையில் மங்காது.

முயலுக்கு நடக்கும் நிலைகள் (ஸ்க்ராட்ச்சில் காஸ்ட்யூம்) 4, நிற்கும் நிலை 1, பேசும் நிலை 1. சிங்கத்துக்கும் அப்படியே. ஒரு நிலையை வரைந்து அதையே நகலெடுத்துக் கால்களை மட்டும் மாற்றுங்கள்; ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தால் உடம்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். எல்லா நிலைகளிலும் உடலின் நடு, வரைபலகையின் நடுக்குறி மேல் உட்கார வேண்டும். இல்லையென்றால் முயல் நடக்கும்போது காய்ச்சல் வந்தது போல நடுங்கும்.

தலைப்பையும் எழுத்துகளையும் ஸ்க்ராட்ச்சின் எழுத்துக்கருவியில் தட்ட வேண்டாம். அங்குள்ள எழுத்துருக்கள் தமிழுக்கானவை அல்ல. கொம்பும் காலும் இடம் மாறி நிற்க வாய்ப்புண்டு. வேறொரு மென்பொருளில் தட்டி, பிஎன்ஜி படமாக ஏற்றுங்கள்.

படி 6: கோர்த்தல்

மேடையின் நிரலில், ஓட்டத்தைத் தொடங்கும் பச்சைக்கொடிக்குக் கீழே ஒரே ஒரு வேலை: "காட்சி 1" என்ற செய்தியை பிராட்காஸ்ட் செய்வது, அதாவது எல்லாப் பாத்திரங்களுக்கும் அனுப்புவது. அந்தச் செய்தி கிடைத்ததும் பின்னணி மாறி, 01-ம் ஒலி 'முடியும் வரை ஒலிக்கச் செய்' கட்டையில் ஓடி, பிறகு "காட்சி 2" போக வேண்டும். குரல் முடிந்தால்தான் அடுத்த காட்சி. பேச்சில்லாத காட்சிக்கு ஒலிக்குப் பதில் காத்திருக்கும் கட்டை.

முயல் நடக்க இரண்டு நிரல்கள் ஒரே செய்தியில் தொடங்க வேண்டும். ஒன்று, பாத்திரத்தை வழுக்கியபடி நகர்த்தும் கிளைட் கட்டை: 4 விநாடியில் இடம் வலமாக -200-லிருந்து 60-க்கு. மற்றொன்று அடுத்த நிலைக்கு மாறி 0.12 விநாடி காத்திருப்பதை 32 முறை திரும்பச் செய்வது. 32 முறைக்கு 4 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், நடையும் நகர்வும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். அடுத்த நிலைக்குப் போகும் கட்டை எல்லா நிலைகளையும் வரிசையாகச் சுற்றும் என்பதால் நடக்கும் முயலைத் தனி உருவாகவும் (ஸ்பிரைட்), நிற்கும், பேசும் முயலை வேறு உருவாகவும் வையுங்கள்.

அடிக்கடி வரும் இரண்டு கோளாறுகள்: இடப்பக்கம் திரும்பிய முயல் தலைகீழாகத் தொங்கினால், சுழற்சி முறையை 'இடம்-வலம்' என்று மாற்றுங்கள். இரண்டாம் முறை ஓட்டும்போது பாத்திரங்கள் கண்ட இடத்தில் நின்றால், அவை முந்தைய ஓட்டம் முடிந்த இடத்திலேயே இருக்கின்றன என்று பொருள். பச்சைக்கொடி அழுத்தியதும் ஒவ்வொரு பாத்திரமும் தன் தொடக்க இடம், நிலை, மறைவு ஆகியவற்றுக்குத் திரும்பும்படி மூன்று கட்டைகள் சேருங்கள்.

படி 7: கிணற்றுக் காட்சி

இதற்கு ஒரு முழுப் பாடவேளை செலவிட்டாலும் தகும்.

படி 5-லேயே சிங்கத்தின் வலக்கண் மேல் ஒரு தழும்பு போட்டு வையுங்கள். நம்மை நோக்கி நிற்கும் சிங்கத்தின் வலக்கண் நமக்கு இடப்பக்கம் தெரியும். ஆனால் சிங்கத்தின் கண்ணாலேயே நீரைப் பார்க்கும்போது, கண்ணாடியில் போல, தழும்பு வலப்பக்கம் தெரிய வேண்டும். ஆகவே சிங்கமுகத்தை நகலெடுத்து இடவலமாகத் திருப்புங்கள். பக்கவாட்டிலிருந்து காட்டும் காட்சியிலோ நீரில் தெரிவது மேல்கீழாகத் திருப்பிய படம். இரண்டையும் குழப்பினால் பார்ப்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

தழும்பு வெறும் அலங்காரம் இல்லை. நிழலிலும் அது இருந்தால், பார்ப்பவர்கள் அனைவருக்கும் அது அதே சிங்கம் என்று தெரிந்துவிடும். சிங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. கோபம் கண்ணை மறைத்தது என்று குரல் சொல்லவே வேண்டாம்.

நிழல்முகத்துக்கு, படத்தை ஊடுருவித் தெரியவைக்கும் கோஸ்ட் எஃபெக்டை 40, வெளிச்சத்தை -20 வையுங்கள். நீர் அசைவுக்கு, படத்தைச் சுழித்துக் காட்டும் வேர்ல் எஃபெக்டை 2 கூட்டி 0.05 விநாடி காத்திருப்பதை 10 முறை, பிறகு 2 குறைத்து 10 முறை. பாய்ந்த பிறகு கோஸ்ட் எஃபெக்டை ஐந்தைந்தாக 12 முறை கூட்டினால் 40-லிருந்து 100-ஐத் தொட்டு முகம் முழுவதும் கரைந்துவிடும். கிணற்றின் சுற்றுச்சுவரைத் தனிப் படமாக்கி எப்போதும் முன்னடுக்கில் நிறுத்துங்கள், இல்லையேல் சிங்கம் சுவருக்கு மேலே மிதக்கும்.

கர்ஜனைக்கு ஆடாசிட்டியில் இரண்டு தடங்கள். முதலாவது அசல், 3 டெசிபெல் குறைத்து. இரண்டாவது அதன் நகல், 0.6 விநாடி தள்ளி, சுருதியை 3 அரைச்சுரம் இறக்கி. எதிரொலி அசலைவிடக் கனமாகக் கேட்கும். உள்ளே இருப்பது தன்னைவிடப் பெரிய சிங்கம் என்று அது நம்புவதற்குக் காரணம் காதுக்கும் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு 2 விநாடி முழு அமைதி. மாணவர்கள் இந்த இடத்தில் இசை போடத் துடிப்பார்கள். விடாதீர்கள்.

படி 8: வீடியோவாக்குங்கள்

ஸ்க்ராட்ச் தானாக வீடியோ தராது. முழுத்திரையில் ஓடவிட்டு ஓபிஎஸ்ஸில் விநாடிக்கு 30 படச்சட்டங்கள் (ஃபிரேம்) வீதம் பதிவு செய்யுங்கள். மைக்கை அணைத்து, கணினியின் ஒலி மட்டும் பதிவாகிறதா என்று 10 விநாடி சோதனை ஓட்டம் பாருங்கள். மேடை 4-க்கு 3 விகிதம் என்பதால் அகலத்திரையில் இருபுறமும் பட்டை விழும். இழுத்து நிரப்பினால் சிங்கம் தட்டையாகிவிடும், அப்படியே விடுங்கள்.

படி 9: திரையிடலும் மதிப்பெண்ணும்

முதலில் ஒலியில்லாமல் ஒருமுறை போடுங்கள், கதை எங்கே புரியாமல் போகிறது என்று மற்ற குழுக்கள் குறிக்கட்டும். பிறகு ஒலியோடு. நூற்றுக்கு 60 மதிப்பெண் படி 3-ல் வாங்கிய முடிவுத்தாளுக்கு, 25 குரலின் மொழிக்கு, 15 படத்துக்கு என்று முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். வரையத் தெரியாத பிள்ளை ஒதுங்கிப் போகாமல் இருக்க இதுவே வழி.

ஸ்க்ராட்ச் சேமித்துத் தரும் எஸ்பி3 கோப்பை அழிக்காமல் இன்னொரு குழுவிடம் கொடுங்கள். அவர்கள் வேறு எதையும் தொடாமல், கிணற்றங்கரையின் 5 காட்சிகளில் 'சி' இருந்த இடத்தை 'மு' ஆக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.