மடிக்கணினியில் தெரிந்த பொத்தான் ஐபோனில் எங்கே போனது?

பெங்களூரு அல்சூரில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவருக்கு, மெனுவும் ஆர்டர் வசதியும் கொண்ட ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். என் மடிக்கணினியின் குரோமில் அச்சுப் பிசகாமல் இருந்த அந்தப் பக்கத்தை அவர் தம் ஐபோனில் திறந்து, "தம்பி, ஆர்டர் பட்டனைக் காணோமே" என்றார். அந்தப் பொத்தானைத் தேடிய வழியையே படிப்படியாகத் தருகிறேன்.

முதலில், எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்தில், இக்கால விதிப்படி காட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால் பிரவுசர் பழைய காலப் பக்கங்களுக்கான ‘குவிர்க்ஸ்’ முறைக்கு மாறி, சில அளவுகளை வேறு விதமாகக் கணக்கிடும்.

அடுத்து, பிழை தெரிந்த அதே கருவியில் சோதியுங்கள். மடிக்கணினி குரோமில் உள்ள கைப்பேசி முன்னோட்டம் திரையளவை மாற்றுமே தவிர, பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சினை மாற்றாது. ஐபோனில் குரோமை நிறுவிப் பார்ப்பதாலும் பயனில்லை. நம் ஊர் ஐபோன்களில் அதுவும் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடுகிறது. நான் அக்காவின் ஐபோனையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வரிகளில் சந்தேகப்படுபவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எனக்கு அகப்பட்டது, வெளிப்பெட்டிக்குக் கொடுத்திருந்த ‘ஹைட்: 100விஎச்’ என்ற வரி. விஎச் என்பது பக்கம் தெரியும் பரப்பின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு. கைப்பேசியில் 100விஎச் என்பது முகவரிப் பட்டை சுருங்கிய பின் கிடைக்கும் பெரிய உயரத்தைக் குறிக்கிறது. ஆனால் பக்கம் திறக்கும்போது பட்டை விரிந்தே இருப்பதால், பெட்டி அந்த அளவுக்குத் திரைக்குக் கீழே வழிந்து, அடியில் ஒட்டியிருந்த பொத்தானையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமிலும் இதே கணக்குதான். சஃபாரியைத் திட்டியதுதான் மிச்சம்.

திருத்தம் எளிது. ‘ஹைட்: 100விஎச்’ வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே ‘ஹைட்: 100டிவிஎச்’ என்று எழுதுங்கள். டிவிஎச் என்பது பட்டை விரிவதற்கும் சுருங்குவதற்கும் ஏற்ப மாறும் உயர அலகு. புரியாத மதிப்பைப் பிரவுசர் சத்தமின்றித் தள்ளிவிட்டு மேல்வரியை வைத்துக்கொள்ளும். புரிந்தால் கீழ்வரியை எடுத்துக்கொள்ளும். இந்த அலகு 2022 மார்ச்சில் சஃபாரி 15.4 பதிப்பிலும், அதே ஆண்டு நவம்பரில் குரோம் 108 பதிப்பிலும் வந்தது. பழையது மேலே, புதியது கீழே என்ற வரிசை மாறக் கூடாது.

ஒரு சிஎஸ்எஸ் வசதி உண்டா என்று பிரவுசரிடமே கேட்கும் ‘@சப்போர்ட்ஸ்’ விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டிகளில், அவற்றுக்கு நடுவே விடும் ‘கேப்’ இடைவெளி சஃபாரி 14.1 பதிப்பிலிருந்துதான் வேலை செய்கிறது. ஆனால் கட்டங்களாக அடுக்கும் கிரிட் அமைப்பில் அதற்கு முன்பே இருந்ததால், 14.0 பதிப்பிடம் கேட்டாலும் ‘உண்டு’ என்றே பதில் வரும். அத்தகைய பழைய கருவிகளையும் கருத்தில் கொள்வதானால், இடைவெளிக்கு உறுப்பைச் சுற்றி இடம் விடும் ‘மார்ஜின்’ போதும்.

பொத்தான் வந்த பிறகும் ‘வத்தக்குழம்பு சாதம்’ மட்டும் ஐபோனில் இரண்டு வரியாக மடிந்து பெட்டிக்கு வெளியே நின்றது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று எழுத்துருவும் அகலமும் மாறுவதால் வந்த வினை அது. எல்லாக் கருவிகளுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் வெப் ஃபாண்டாகக் கொடுத்து, பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல் விட்டதும் சாதம் பெட்டிக்குள் அடங்கியது.