ரிமோட் ஃபேனைச் சுவர் சுவிட்சில் இணைப்பது எப்படி? முதலில் அந்த ரெகுலேட்டரைக் கழற்றுங்கள்

பழைய ஃபேனை இறக்கிவிட்டு, அதே கொக்கியில் புது ரிமோட் ஃபேனை மாட்டி, அதே இரண்டு வயரில் இணைப்பும் கொடுத்துவிட்டு, பெருமையாகச் சுவிட்சைப் போட்டேன். ‘பீப்’ என்று ஒரு சத்தம். இறக்கை அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி ‘பீப்’. ரிமோட்டில் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து நிமிடம் போனது. கடைசியில் பார்த்தால், சுவரில் பழைய ரெகுலேட்டர் 3-ல் நின்றுகொண்டிருக்கிறது. அதை 5-க்குத் திருப்பியதும் ஃபேன் சமர்த்தாக ஓடியது.

காரணம் இதுதான். பழைய ஃபேனுக்கு மூளை கிடையாது, ரெகுலேட்டர் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு சுற்றும். இப்போது ரிமோட்டோடு வருகிற பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்களில் மோட்டாரோடு ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், அதற்கு வேண்டியது முழு 230 வோல்ட் மட்டும்தான். டக் டக்கென்று திருகுகிற ரெகுலேட்டரில் 5 என்பது நேர் இணைப்பு, அதனால்தான் ஓடியது. அப்படியானால் 5-லேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வீட்டுக்கு வருகிற யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் அதைத் திருகத்தான் போகிறார், அப்படித் திருகித் திருகி போர்டு போய்விடும்.

டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், வயர் கனெக்டர் நான்கைந்து, ரெகுலேட்டர் இருந்த ஓட்டையை மூட ஒரு டம்மி பிளேட், ஆடாத ஏணி, கீழே நின்று ஃபேனைத் தாங்க ஒரு ஆள். இவ்வளவு இருந்தால் போதும்.

1. கரண்டை நிறுத்துவது

மெயினை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் ஃபேன் லைன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நீங்கள் மெயினை இறக்கியதும், கரண்ட் போய்விட்டது என்று அது உடனே பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும், நீங்கள் தொடப்போகிற வயரில் 230 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். இன்வர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது. பல இன்வர்ட்டர்களில் முன்பக்கச் சுவிட்ச் பேட்டரியைத்தான் நிறுத்தும், மெயின் கரண்ட் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் அணையுங்கள். அப்புறம், டெஸ்டரையும் ஒரேயடியாக நம்ப வேண்டாம். அணைப்பதற்கு முன்னால் ஒரு பிளக் பாயின்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றுதான் சொல்லும்.

2. சுவிட்ச் போர்டு

போர்டைத் திறந்ததும் முதல் வேலை, செல்லில் ஒரு போட்டோ. ரெகுலேட்டரில் பொதுவாக இரண்டு வயர் இருக்கும்: ஒன்று சுவிட்சிலிருந்து வருவது, இன்னொன்று மேலே ஃபேனுக்குப் போவது. இரண்டையும் கழற்றி ஒரே கனெக்டரில் இணைத்து இறுக்குங்கள், இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம், கோடையில் பசை இளகி டேப் தானாகப் பிரிந்துவிடும். ரெகுலேட்டரில் இரண்டுக்கு மேல் வயர் இருந்தாலோ, ஒரே திருகில் கொத்தாக மாட்டியிருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். ரெகுலேட்டர் இருந்த இடத்தில் டம்மி பிளேட்டை மாட்டி மூடிவிடலாம்.

3. மேலே வயரைச் சோதிப்பது

பழைய ஃபேன் இறங்கிய பிறகு, தொங்குகிற இரண்டு வயரையும் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வைத்துவிட்டுக் கரண்டைக் கொடுங்கள். சிவப்பு ஃபேஸ் (கரண்ட் வருவது), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போவது), பச்சை எர்த் (பாதுகாப்புக்காகத் தரைக்குப் போவது) என்பதெல்லாம் சரி, ஆனால் பழைய வீடுகளில் வயர்மேன் பையில் என்ன நிறம் மிச்சம் இருந்ததோ அதுதான் மேலே போயிருக்கும். சுவர் சுவிட்சைப் போட்டால் ஒரு வயரில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும், அதுதான் ஃபேஸ். சுவிட்சை அணைத்தால் எதிலும் எரியக் கூடாது. அணைத்த பிறகும் எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம், ஃபேன் நின்றாலும் மேலே கரண்ட் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

ஃபேஸ் எது என்று குறித்துக்கொண்டு, மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

4. மாட்டுவது, இணைப்பது

ராடை, அதாவது ஃபேன் தொங்குகிற குழாயை, மாட்டுகிற போல்ட்டில் ஸ்பிளிட் பின் வரும், அதன் இரண்டு காலையும் நன்றாக விரித்து மடக்குங்கள். ஃபேன் கீழே விழாமல் காப்பது அந்தச் சின்னக் கம்பிதான். தரையிலிருந்து இறக்கைக்கு 8 அடியாவது இருக்கட்டும். ஃபேனில் ‘எல்’ என்று போட்டிருப்பதில் ஃபேஸ், ‘என்’ என்பதில் நியூட்ரல். பச்சை வயர் இருந்தால் எர்த்தில் மட்டும் கொடுங்கள், எர்த் இல்லையே என்று அதை நியூட்ரலோடு சேர்த்துவிடாதீர்கள். மேல் கப்பை மூடும்போது வயர் எதுவும் நசுங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

5. ரிமோட்

சில ரிமோட்களை ஃபேனோடு ஜோடி சேர்க்க வேண்டியிருக்கும். சுவர் சுவிட்சைப் போட்ட சில நொடிகளுக்குள் ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள், எது என்று கூடவே வரும் தாளில் இருக்கும். இனிமேல் சுவர் சுவிட்ச் போட்டபடியே கிடக்கட்டும். ரிமோட் தொலைந்தால் பயப்பட வேண்டாம், பல மாடல்களில் சுவிட்சை அணைத்துப் போட்டாலே ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும்.

பழையது சுமார் 75 வாட், இது முழு வேகத்தில் 30 வாட் பக்கம். தினம் 10 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் குறையும்.

எங்கள் வீட்டில் அந்த டம்மி பிளேட்டுக்கு மேலேயே ரிமோட் ஸ்டாண்டை ஒட்டிவிட்டேன். அம்மா இன்னும் ஃபேனைக் குறைக்க அங்கேதான் கையை நீட்டுகிறார்.